யாழ்ப்பாணத்து ஆஸ்டினும் ஃபேர்லேண்ட்ஸ் அம்பாசடரும்

யாழ்ப்பாணத்தில் ஒரு காருக்கு எழுபது வயது என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் வீதியோரம் நின்றிருந்த என்னைக் கடந்து ஓர் ஆஸ்டின் ஏ-40 சாமர்செட் போனது. உருண்டு திரண்ட மட்கார்டுகள், பானெட்டின் நுனியில் சிறகு விரித்த ‘ஏ’ சின்னம், பின் இருக்கையில் பட்டுச்சேலையில் ஒரு பாட்டியும் மடியில் பேத்தியும், கூரைமேல் கட்டிய வாழைக்குலை. எதிரே வந்த ஆட்டோ வழி விட்டது. சைக்கிளில் வந்த பெண் மணியடித்துவிட்டு ஒதுங்கினாள். நான் மட்டும் வாய் பிளந்து நின்றேன். சேலத்தில் அப்படி ஒரு வண்டி ஓடினால் ஐந்து ரோட்டில் பாதிப்பேர் செல்போனைத் தூக்கியிருப்பார்கள்.

நான் குடியிருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். சாரதா கல்லூரிச் சாலையை ஒட்டிய பழைய வீடுகளின் போர்ட்டிகோக்களில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசடர்களும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் இன்னும் நிற்கின்றன. தாத்தா ஓட்டியது, அப்பா வாங்கியது, விற்க மனம் வராமல் வைத்திருப்பது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரம் வரை ஒரு சுற்று. எங்கள் வீட்டிலும் ஒரு மார்க்-2 அம்பாசடர் உண்டு. இப்படிப்பட்ட வண்டிகள் அன்றாடப் பாட்டுக்கு ஓடுகிற ஊர் ஒன்று தமிழ் பேசுகிற மண்ணிலேயே இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே போகவேண்டும் என்ற ஆசை. 2025இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கியதும் அது கைகூடியது.

நாமக்கல் வழியாகத் திருச்சி. நாமக்கல்லைத் தாண்டும்போது சாலையோரம் எரிவாயு டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். ஜன்னலுக்கு வெளியே பாக் நீரிணை வெளிர்பச்சையாகக் கிடந்தது. பிறகு திடீரென்று பனைகள், செம்மண் தோட்டங்கள், சதுரம் சதுரமாக வெங்காயப் பாத்திகள். எங்கள் ஊரைப்போல நாலாபக்கமும் மலை இல்லை. கண்ணுக்கு எட்டியவரை தட்டை நிலம்.

இத்தனை பழைய பிரிட்டிஷ் கார்கள் இங்கே எப்படித் தங்கின என்பதற்குக் காரணம் கொழும்பில் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை கார் இறக்குமதியை இறுக்கிப் பூட்டியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அந்தப் பூட்டு பெரிதாகத் தளரவில்லை. அதற்கு முன் வந்திறங்கிய மொரிஸ் மைனர், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் அந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளில் குடும்பச் சொத்தாகிவிட்டன. வடக்கில் அதற்குப் பின் போர் வந்தது. 2020 மார்ச்சில் மறுபடி இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 தொடக்கத்தில்தான். ஒவ்வொரு தடையும் பழைய காரின் ஆயுளை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இலக்கத்தகடுகளைப் பார்த்தாலே அந்த ஊர் வரலாறு தெரியும். மிகப் பழைய வண்டிகளில் ஆங்கில எழுத்து இரண்டு இருக்கும். 1957இல் புதிய வண்டிகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடு வந்தபோது வடக்கில் அதை அழித்துத் தமிழில் எழுதிக்கொண்டு ஓட்டும் போராட்டமே நடந்திருக்கிறது. ஒரு காரின் நெற்றியில் உள்ள ஓர் எழுத்துக்காக மக்கள் தெருவில் இறங்கிய ஊர் அது. அந்தக் காலத்து வண்டி இன்றும் சந்தைக்குப் போய் வருகிறது.

ஏ-40 நமக்கும் அந்நியமில்லை. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1949 முதல் எண்ணூரில் பாகங்களைப் பூட்டி உருவாக்கியது இந்த ஆஸ்டின் ஏ-40ஐத்தான். பிறகு லேலண்டுடன் கைகோத்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஆயிரக்கணக்கில் ஓடுகிற லாரிகளுக்கு மூத்த அண்ணன் இந்தக் குட்டிக் கார். எங்கள் அம்பாசடரோ மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் நகல். 1957 முதல் 2014 வரை உத்தரபாராவில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆக, யாழ்ப்பாணத்துக் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒயரும் ஃபேர்லேண்ட்ஸ் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒயரும் ஒரே வம்சம். இரண்டும் பர்மிங்காம் லூகாஸ் கம்பெனியின் முறை. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜோசஃப் லூகாஸ் தள்ளுவண்டியில் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்றவர். அதிலிருந்து கப்பல் விளக்கு, சைக்கிள் விளக்கு, கடைசியில் கார் மின்சாரம். அது டிவிஎஸ்ஸுடன் கூட்டுச் சேர்ந்ததில் 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது.

கொக்குவில் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது நான் தேடிப்போன கராச். தகரக் கூரை, வேப்பமரம், மரத்தடியில் பானெட் திறந்த மூன்று கார்கள். வேலையாட்கள் எல்லோரும் ‘பாஸ்’ என்று அழைத்த பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்கோ தம்பி, இருங்கோ. சேலமோ? மொடேர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊரெல்லோ!”

ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது என்று சொன்னேன். சிறுவயதில் பார்த்த படங்களைப் பற்றி ஆசையோடு கேட்டார். தேநீர் வந்தது. பிறகு நான் எஞ்சின் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். 1200 சி.சி. எஞ்சின் எழுபது ஆண்டு எப்படித் தாங்குகிறது, பாகங்கள் எங்கே கிடைக்கின்றன என்றெல்லாம். அவர் தலையை ஆட்டினார்.

“எஞ்சினை நான் நம்புவன் தம்பி. வயரைத்தான் நம்பமாட்டன். இந்தக் கார் நிண்டு போனால் தள்ளலாம். பத்திப்பிடிச்சால் ஒண்டும் செய்ய ஏலாது.”

அன்று முழுதும் அவர் எனக்குக் காட்டியது ஒயர்தான்.

வேப்பமரத்தடியில் நின்ற சாமர்செட்டின் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். பஞ்சு நூல் பின்னிய பழைய ஒயர்கள் கற்றையாகப் போயின. ஒரு காலத்தில் பழுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பிரித்துப் பின்னியவை. இப்போது எல்லாமே மண் நிறம். கற்றையிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி என் உள்ளங்கையில் வைத்து, “மெல்ல வளையுங்கோ” என்றார். வளைத்தேன். நூலுக்குள் இருந்த ரப்பர் கருந்தூளாக உதிர்ந்து உள்ளங்கையில் கொட்டியது. உள்ளே செம்பு பச்சைக் களிம்பு ஏறிப் பாதி இழைகள் அறுந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அது முழு ஒயர். உள்ளே தோல் என்று ஒன்றே இல்லை. நூல் உறை ஒன்றுதான் பக்கத்து ஒயரைத் தொடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் செம்புக்கு மேல் ரப்பர், ரப்பருக்கு மேல் நூல். பி.வி.சி. உறை மெல்லப் புழக்கத்துக்கு வந்தது 1950களில்தான். ரப்பர் காற்றிலும் எண்ணெயிலும் சூட்டிலும் காய்ந்து போகும். பி.வி.சி.யும் சாகாவரம் பெற்றதில்லை. அதை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் வெளியேற வெளியேற உறை விறைத்து வெடிக்கும். இயங்கும் சூடு 10 டிகிரி கூடினால் உறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்துறையில் வெகுகாலமாக வழங்கும் கணக்கு. சேலத்துச் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு என்ன சூட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், கை வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு உப்புக்காற்று, நமக்கு வெயில். கூடவே தார்ப்பாய்க்குள் குடித்தனம் நடத்தும் எலி.

கற்றையில் இன்னொன்றையும் காட்டினார். ஓர் இடத்தில் தடித்த வீட்டு ஒயர், அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், அதிலிருந்து இன்னொன்று. மூன்றும் வெறும் கையால் முறுக்கி, மேலே ஏதோ பிளாஸ்டிக்கை உருக்கிச் சுற்றியிருந்தார்கள். நான் முகம் சுளித்திருப்பேன் போல.

“அது சண்டைக்கால முறுக்கு, தம்பி. நானே முறுக்கினது.”

1990இல் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெட்ரோல், பேட்டரி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஆவி 38 டிகிரிக்கு மேல்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு எழும். பெட்ரோலுக்குச் சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரியே போதும். அதனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. சூப்பிப் போத்தலில், அதாவது குழந்தையின் பால் புட்டியில், கொஞ்சம் பெட்ரோலை வைத்துக்கொண்டு கார்புரேட்டருக்குள் பீய்ச்சி, ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். ஏ-40இன் அமுக்க விகிதம் 7.2தான் என்பது அன்றைக்கு வரமாக அமைந்தது. இன்றைய காரின் எஞ்சின் அந்த எண்ணெயில் இடிபட்டே நொறுங்கியிருக்கும்.

“வயர் எங்க கிடைச்சுது? உடைஞ்ச றேடியோ, இடிஞ்ச வீட்டுச் சுவர், எல்லாத்திலயும் கழட்டினனாங்கள். பியூஸ் இல்லை, சிகரெட் பெட்டி ஈயத்தாள்தான். ஆசுபத்திரிக்கு ஆளைக் கொண்டு போகவேணும், பியூஸ் போச்சுது எண்டு நிக்க ஏலுமோ? அண்டைக்கு அது சரி. ஓடினது காணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இண்டைக்கும் அதை உள்ளுக்கு விட்டு வைச்சிருந்தால், அது பிழை.”

அந்த முறுக்குக்கு நான் தலைவணங்குவேன். எத்தனை பிரசவங்களுக்கு, எத்தனை காயங்களுக்கு அது ஓடியதோ. ஆனால் என்னை உலுக்கியது அவருடைய இரண்டாவது வாக்கியம்தான். தன் கையால் செய்த வேலையை, தன் ஊரைக் காப்பாற்றிய வேலையை, அதன் காலம் முடிந்தது என்று அவரே வெட்டி எறிகிறார். நம் ஊரில் நாம் என்ன செய்கிறோம்? தடையும் இல்லை, போரும் இல்லை. ஒயர் வாங்கக் கடைவீதிக்கு நடந்தால் போதும். அப்படியிருந்தும் ஈயத்தாள் சுற்றிய ஃப்யூஸை ஃபேர்லேண்ட்ஸிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவர் மல்டிமீட்டரை எடுத்தார். பக்கத்து ஷெட்டில் நின்ற இன்னொரு ஏ-40க்கு ஹெட்லைட் போட்டார். பேட்டரி முனையில் 12.3 வோல்ட். பல்பின் முனையில் 10.0. நடுவே 2.3 வோல்ட் காணவில்லை. பழைய பல்புகள் 42 வாட்; இரண்டும் எரிந்தால் 7 ஆம்பியர். ஏழை 2.3ஆல் பெருக்கினால் 16 வாட். அந்த 16 வாட் வெளிச்சமாகப் போகவில்லை. ஒயரிலும் சுவிட்சிலும் இணைப்புகளிலும் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஒரு சிறிய சாலிடரிங் அயர்னை ஆன் செய்து, காய்ந்த நூலும் ரப்பர் தூளும் பெட்ரோல் வாடையும் இருக்கிற இடத்தில் செருகி வைத்ததற்குச் சமம். வெளிச்சத்தின் கதை இன்னும் மோசம். இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் வெகுவாகக் குறையும். 12.3க்குப் பதில் 10 வோல்ட் போனால் கிடைப்பது பாதி வெளிச்சம்.

இங்கேதான் நம்மவர்கள் செய்கிற விபரீதம். வெளிச்சம் மங்கல் என்றதும் 100 வாட் ஹாலோஜன் பல்பு வாங்கி மாட்டுகிறோம். இரண்டு பல்பும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல். சூடு ஆம்பியரின் வர்க்கமாக ஏறுவதால், அதே பழைய ஒயரில் ஐந்தரை மடங்குக்கு மேல் சூடு. மங்கலுக்குக் காரணம் பல்பு இல்லை, ஒயர். காரணத்தை விட்டுவிட்டு அதன்மேலேயே பாரத்தை ஏற்றுகிறோம்.

ஃப்யூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். மொத்த வண்டிக்கும் இரண்டே இரண்டு கண்ணாடிக்குழாய் ஃப்யூஸ். ஹாரன் முதலிய சிலவற்றுக்கு ஒன்று, இக்னிஷன் போட்டபின் வேலை செய்கிற வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு ஒன்று. ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் இல்லை. இக்னிஷனுக்கு இல்லை. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓடுகிற தடித்த பழுப்பு ஒயருக்கு இல்லவே இல்லை. அந்தப் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, உள்ளே டேஷ்போர்டு வரை வருகிறது. சாவியைக் கழற்றினாலும் அதில் மின்சாரம் இருக்கும். அது பாடியில் எங்காவது உரசினால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே கொட்டும். ஒயர் நெடுகச் சிவந்து, கூடவே கட்டியிருக்கிற எல்லா ஒயரையும் எரித்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவர் செய்யக்கூடியது பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றுவது ஒன்றுதான். அதற்கு ஸ்பேனர் வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பேனர் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கும்.

ஃப்யூஸிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லூகாஸ் ஃப்யூஸில் 35 என்று போட்டிருந்தால் அது அறுந்துபோகிற அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர். இன்று கடையில் வாங்குகிற 35 ஆம்பியர் ஃப்யூஸில் அச்சிட்டிருப்பது தொடர்ந்து தாங்குகிற அளவு. எண்ணைப் பார்த்து ஒன்றுக்கு ஒன்று மாற்றினால், ஃப்யூஸ் அறும் முன் ஒயர் எரிந்துவிடும். அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

கராச்சின் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த நீண்ட பலகையைப் பார்த்தபோதுதான் நான் வந்த பயணத்தின் பலன் கிடைத்தது என்று தோன்றியது. பலகை முழுக்க ஆணிகள். வண்டியிலிருந்து பழைய ஒயரிங் கிட்டை முழுதாக, ஒரு கிளை அறாமல் கழற்றி அந்தப் பலகையில் படுக்கவைத்து, அது போகிற வழியெல்லாம் ஆணி அடித்திருக்கிறார்கள். பிறகு பழையதை எடுத்துவிட்டு, ஆணிகளின் வழியே புது ஒயரை ஒவ்வொன்றாக ஓட்டுகிறார்கள். பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு. இக்னிஷனுக்கு வெள்ளை. அதிலிருந்து ஃப்யூஸ் தாண்டி வந்தது பச்சை. சைடு லைட்டுக்குச் சிவப்பு, ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு. லூகாஸ் வகுத்த அதே நிறங்கள். நாளைக்கு வேறொரு கை பானெட்டைத் திறந்தாலும் எது எது என்று தெரியவேண்டும் அல்லவா. ஒரு பையன் நூல் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கோவில் மாலை கட்டுகிறவர்களிடம் மட்டுமே பார்த்த கை வேகம் அது.

வீட்டு ஒயரை அங்கே கண்ணிலும் காட்டக்கூடாது. அதில் தடித்த இழைகள் கொஞ்சம். கார் ஒயரில் மெல்லிய இழைகள் ஏராளம். வண்டி அதிர அதிரத் தடித்த இழை முறியும். இணைப்புகளுக்கு ஈயம் பற்றவைப்பதையும் அவர் விரும்புவதில்லை. ஈயம் ஒயருக்குள் ஏறி விறைக்கும் இடத்தில் அதிர்வில் ஒடியும் என்பது அவர் அனுபவம். ஒயர் முனையில் லக்கைச் சரியான கருவியால் அழுத்திப் பிடித்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுகிறார்கள். புது ஒயரிங் முடிந்து நின்ற இன்னொரு ஏ-40ஐக் காட்டினார். எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவேயுள்ள தகட்டில் ஒயர் நுழைகிற துளை ஒவ்வொன்றிலும் புது ரப்பர் வளையம். தகட்டின் விளிம்பு ஒயரை அறுக்கிற இடம் அதுதான். எர்த் இணைகிற இடங்களில் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கத் தேய்த்திருந்தார்கள். ஏ-40க்கு எர்த் பாசிட்டிவ் முனை. புது பேட்டரி மாட்டும் கடைக்காரருக்கு அது தெரியாமல் போவதுண்டு என்பதால் பேட்டரித் தட்டின் மேல் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள்.

பழைய ஃப்யூஸ் பெட்டி அதன் இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ், பேட்டரியை ஒட்டி ஒரு பெரிய ஃப்யூஸ். டேஷ்போர்டு சுவிட்ச் இனி ரிலேயை எழுப்ப மட்டும்தான். பல்புக்கான மின்சாரம் அதற்குள் வருவதில்லை. அந்த வண்டிக்கும் மீட்டர் வைத்தார். பேட்டரியில் 12.3, பல்பில் 12.0. அதே பழைய 42 வாட் பல்பு, வேப்பமரத்து இலை ஒவ்வொன்றாகத் தெரிகிற வெளிச்சம். எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. எழுபது வருடத்துக் கார், அதைச் செய்தவர்கள் நினைத்த வெளிச்சத்தை அன்று மாலை தந்தது.

கிளம்பும்போது பாஸ் என்னிடம் கேட்டார், உங்கள் ஊர் லாரி ஊர்தானே, அங்கே பற்றறியை வெட்டுகிற சுவிச்சு எல்லா வண்டியிலும் இருக்குமே என்று. நாமக்கல் டேங்கர்கள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தன. பெட்ரோல், எரிவாயு ஏற்றுகிற டேங்கர்களில் பேட்டரியை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம். தென்னிந்தியாவின் எரிவாயு டேங்கர்களில் பெரும்பகுதியை ஓட்டுவது நாமக்கல். ஒரு திருப்பு, மொத்த வண்டியும் உயிரற்று நிற்கும். அந்த அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது. அதை ஃபேர்லேண்ட்ஸ் போர்ட்டிகோவுக்குக் கொண்டுவர நமக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பி இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் மறுப்பு, ஒயரை மாற்றினால் வண்டியின் அசல் தன்மை போய்விடும் என்பது. அப்படி இல்லை. 50 வயது கடந்த வண்டிகளுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், ‘வி.ஏ.’ என்ற தனி வரிசையில் பத்தாண்டுப் பதிவு தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைக்கக்கூடாது என்பதுதான் அதில் நிபந்தனை. ஒயரை யாரும் தடுக்கவில்லை. நூல் பின்னிய உறையோடு, உள்ளே நவீன பி.வி.சி. வைத்து, பழைய தோற்றத்திலேயே ஒயர் செய்கிறவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். வெறும் தோற்றத்துக்காக உதிர்ந்த ரப்பரைக் காப்பாற்றி வைப்பது வண்டிக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அதில் உட்காருவது நம் குழந்தைகள்.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் ஊறவைத்துப் பதம் கெடுக்கும். ஒரு பக்கம் கசிகிற குழாய், மறுபக்கம் உரிந்த ஒயர்; இரண்டையும் ஒரே பானெட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். ஒயர் மாற்றும்போதே எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுவது நல்லது.

ஃபேர்லேண்ட்ஸிலும் அழகாபுரத்திலும் ஹஸ்தம்பட்டியிலும் பழைய வண்டி வைத்திருக்கிற அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு வண்டியை எடுக்கும் முன் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் ஒயரை மெல்ல வளையுங்கள். உறை வெடித்தால், அந்த ஒரு ஒயருக்கு டேப் சுற்றிவிட்டு மூடாதீர்கள். அதன் வயதுதான் மற்ற எல்லா ஒயருக்கும். முழுக் கிட்டையும் மாற்றுங்கள். அதற்குப் பெங்களூரு போகவேண்டாம், வெளிநாடு போகவேண்டாம். லாரிக்கு முழு ஒயரிங்கையும் புதிதாக ஓட்டுகிற எலக்ட்ரீசியன்கள் நாமக்கல்லில் இருக்கிறார்கள். பழைய கிட்டையும் நிற விவரத்தையும் கையில் கொடுத்தால் அவர்களால் செய்ய முடியும். வண்டிக்குள் கை எட்டும் இடத்தில் ஒரு கிலோ தீயணைப்பான் வையுங்கள். புகை வந்தால் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள். பானெட்டை முழுதாகத் தூக்காதீர்கள், உள்ளே புகும் காற்று தீயை ஊதிவிடும். முழு ஒயரிங்குக்கு இப்போது பணம் இல்லை என்றால், பேட்டரியின் எர்த் ஒயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சையாவது இந்த வாரமே போட்டுவிட்டு, வண்டி நிற்கும் நேரமெல்லாம் அதைத் திருப்பி வையுங்கள். லாரிக்கு 24 வோல்ட்டுக்கு விற்கிற, கையால் திருப்பும் அதே சுவிட்ச் நம் 12 வோல்ட் வண்டிக்கும் பொருந்தும்.